வெள்ளைக்கு அடியில் பச்சை

டி-34 டாங்கி, சோவியத் ஒன்றியம், 1941–42 குளிர்காலம்
மாதிரி அளவு 1:35

பனி மூடிய சமவெளியில் பச்சை டாங்கி வெகுதூரத்திலிருந்தே எதிரியின் கண்ணில் பட்டுவிடும். 1941 டிசம்பரில் மாஸ்கோவைச் சுற்றிப் போரிட்ட டாங்கிகள் பலவற்றுக்கு வெள்ளை பூசியது இதனால்தான். சுண்ணாம்பு, சாக்குத்தூள் போன்ற, எளிதில் அகற்றக்கூடிய பூச்சுகளே பெரிதும் பயன்பட்டன; பனி உருகியதும் பச்சை மறுபடி தேவைப்படுமே!

அந்தப் பூச்சு நெடுநாள் நிற்காது. வீரர்கள் ஏறி இறங்கும் இடங்களில் தேயும். மேலே தொற்றிக்கொண்டு போன காலாட்படையினரின் பூட்ஸ்களும் அதை உரசித் தள்ளின. பின்புறம் புகைக்குழாய்களைச் சுற்றிக் கரி படிந்தது.

இந்தத் தேய்மானத்தைக் காட்டுவதுதான் மாதிரிக் கலைஞரின் உண்மையான வேலை. முதலில் முழுவதும் பச்சை, பிறகு அதைக் காக்க வார்னிஷ். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரே. அதற்கும் மேலே, நீரில் கலந்த வெள்ளை அக்ரிலிக் மெல்லிய படலமாக. வெள்ளை இறுகிவிடும் முன் ஈரத் தூரிகையால் தேய்த்தால், அடியிலுள்ள ஹேர்ஸ்பிரே இளகி, வெள்ளை செதில் செதிலாக உரியும். வண்டி முழுக்க ஒரே சீராக உரித்தால் பொம்மைதான் மிஞ்சும். எங்கே கை வைத்திருப்பார்கள், எங்கே கால் பதித்திருப்பார்கள் என்று யோசித்துத் தேய்க்க வேண்டும். தூய வெள்ளையும் இங்கே பொருந்தாது. துளி சாம்பலோ பழுப்போ கலந்தால்தான் சுண்ணாம்பின் மங்கல் வரும்.

இந்த மாதிரியில், வீரர்கள் ஏறி இறங்கும் இடமான பீரங்கிக் கோபுரத்தின் பெரிய மூடியையும் அதன் விளிம்பையும் குனிந்து பாருங்கள்.