ஃபிளமெங்கோ கிட்டார்

ஸ்பெயின், மாட்ரிட் மரபு, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி
சைப்ரஸ், ஸ்புரூஸ் மரங்கள், கைவேலை

ஃபிளமெங்கோ பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் துணையாக வாசிக்கச் செய்யப்பட்ட கருவி. ஆடுபவரின் குதிகால் ஓசையையும் மீறிக் கேட்க வேண்டும். அதனால் எடை குறைவு, ஒலி சட்டென எழுந்து சட்டென அடங்கும். முதுகும் பக்கங்களும் வெளிர்மஞ்சள் சைப்ரஸ். இறக்குமதியான ரோஸ்வுட்டைவிட அது மலிவு. ஏழைக் கலைஞர்களுக்குக் கட்டுப்படியான அந்த மரத்தின் ஒலியே பின்னாளில் ஃபிளமெங்கோவின் அடையாளமாகிவிட்டது.

மேற்பலகையில் ஒட்டியிருக்கும் தகட்டுக்கு ‘கோல்பெயாடோர்’ என்று பெயர். வாசிப்பவர் விரலாலும் நகத்தாலும் போடும் தட்டுகளை அது தாங்குகிறது. தந்திகள் விரற்பலகையை ஏறக்குறைய உரசியபடி ஓடுகின்றன. வேக வாசிப்பில் எழும் லேசான கரகரப்பை இக்கலைஞர்கள் குறையாக எண்ணுவதில்லை. சுருதி சேர்க்க உலோகத் திருகுகள் இல்லை, மரப் பிருடைகளே.

மேற்பலகையின் தடிமன் 2 மி.மீ. சொச்சம்தான். கைவினைஞர் அதை இழைப்பார், தட்டிக் கேட்பார், மறுபடி இழைப்பார். அளவுகோலைவிடக் காதுக்கே இங்கு வேலை அதிகம். உள்ளே விசிறிபோல் விரியும் மெல்லிய மரச்சட்டங்கள் பலகையைத் தாங்குகின்றன. அல்மேரியாவின் அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) செம்மைப்படுத்திய அமைப்பு அது.

மாட்ரிட்டில் மனுவேல் ராமிரெஸின் பட்டறையில் வேலை பார்த்த சாந்தோஸ் எர்னாந்தெஸ் (1874–1943), தொமிங்கோ எஸ்தேசோ (1882–1937) இருவரும் பிறகு தனித்தனியே பட்டறை வைத்து இவ்வகைக் கிட்டாருக்குப் பேர்போனார்கள். எஸ்தேசோவின் தொழிலைத் தொடர்ந்த கோன்தே சகோதரர்களின் கிட்டார்களைப் புகழ்பெற்ற ஃபிளமெங்கோ கிட்டார் கலைஞர் பாகோ தெ லூசியா வாசித்தார்.