விடாது கருப்பு: குதிரையில் வந்தது யார்? அக்கா, தம்பி சேர்ந்து மறுபடி பார்த்தால் தெரியும் இன்னொரு கதை

'மர்ம தேசம்' டைட்டில் இசை கேட்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்ட தலைமுறையா நீங்கள்? அப்படியென்றால் அதே போர்வைக்குள் இன்னொரு ஆளும் இருந்திருப்பார். அக்காவோ தம்பியோ, அண்ணனோ தங்கையோ. "போயிடுச்சா? குதிரை போயிடுச்சா?" என்று ஒருவர் கேட்க, "இன்னும் இல்ல, கண்ணைத் திறக்காத" என்று இன்னொருவர் பயமுறுத்தியிருப்பார்.

இப்போது ஒருவர் சென்னை ஓஎம்ஆரில் இருக்கலாம். இன்னொருவர் ஆந்திராவில் ஏர்பேட்டில், ஐஐடி திருப்பதியிலோ ஐசரிலோ ஆராய்ச்சியில் இருக்கலாம். தொடர் யூட்யூபில் இருக்கிறது. ஒரே நேரத்தில் ப்ளே பண்ணிவிட்டு, போனில் பேசிக்கொண்டே பார்க்கலாம். அப்படிப் பார்க்க உட்காரும் பலருக்கும் முதல் சில எபிசோடுகளிலேயே ஒன்று உறைக்கும்: சின்ன வயதில் பயந்த இடத்தில் இப்போது பயம் வரவில்லை. அப்போது கவனிக்காத இடத்தில் வயிற்றைப் பிசைகிறது.

ஏன் அப்படி? குதிரையில் வந்தது யார் என்ற கேள்வியிலிருந்தே ஆரம்பிப்போம்.

சின்ன ரீவைண்ட்

90களின் பிற்பாதியில் சன் டிவியில் வந்த தொடர் வரிசை 'மர்ம தேசம்'. கதை இந்திரா சௌந்தர்ராஜன், தயாரிப்பு கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள். அதில் 'ரகசியம்', 'விடாது கருப்பு' இரண்டையும் இயக்கியவர் நாகா. வாரம் ஒரு எபிசோடு. அடுத்த எபிசோடுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்பதே பாதி பயத்தைக் கிளப்பியது. இன்று ஒரே இரவில் எட்டு எபிசோடு பார்த்து முடிப்பவர்களுக்கு அந்த அவஸ்தை புரியாது.

'விடாது கருப்பு' நடப்பது தோட்டக்காரமங்கலம் மாதிரி ஏதோ ஓர் ஊர் என்று நினைவில் மங்கலாக இருக்கும். அந்தப் பெயரைவிட முக்கியம் அந்த ஊரின் நம்பிக்கை. தப்பு செய்தவனைக் கருப்பு விடாது. ராத்திரியில் குதிரையில் வரும், தண்டிக்கும். ஊரே அதை நம்புகிறது. வெளியிலிருந்து வரும் படித்தவர்கள் அதை நோண்டத் தொடங்குகிறார்கள். சேத்தனும் தேவதர்ஷினியும் நடித்தது இதில்தான். பின்னாளில் இருவரும் நிஜ வாழ்க்கையிலும் தம்பதியானார்கள்.

கிளைமாக்ஸ் தெரியாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது, ஆனாலும் சொல்லிவிடுவது மரியாதை.

அந்த ரகசியம் உண்மையில் என்ன?

தொடர் இரண்டு காலங்களில் மாறி மாறி நகரும். ஒன்றில் ஒரு சிறுவனும் அவனைப் பாடாய்ப் படுத்தும் பாட்டியும். இன்னொன்றில் பெரியவர்கள், கொலைகள், விசாரணை. சின்ன வயதில் இந்த இரண்டையும் ஒரே காலத்தில் நடப்பதாகத்தான் நம்மில் பலர் பார்த்தோம். சிறுவன் வரும் காட்சிகள் நமக்கு இடைவேளை மாதிரி. தண்ணீர் குடிக்கப் போகும் நேரம்.

ஆனால் கதையே அங்கேதான் இருக்கிறது. அந்தச் சிறுவன்தான் வளர்ந்து நிற்கிறான். வாங்கிய அடியையும் அவமானத்தையும் தாங்க முடியாத அவனுடைய மனது, தன்னைக் காப்பாற்ற ஒரு ஆளை உள்ளுக்குள்ளேயே உருவாக்கிக்கொண்டது. ஊர் யாரைப் பார்த்துப் பயப்படுகிறதோ அந்தச் சாமியின் உருவத்தில். குதிரையில் வந்தது பேயும் இல்லை, வில்லனும் இல்லை. யாரும் வந்து காப்பாற்றாத ஒரு பிள்ளை.

இப்போது திரும்பிப் போய் முதல் எபிசோடைப் பாருங்கள். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும்போது சிரிப்புகூட வரலாம். 90களின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் அப்படி. பாட்டி வாசலில் வந்து நின்றால் சிரிப்பு வராது.

இதை ஏன் கூடப் பிறந்தவரோடு பார்க்கணும்?

தனியாகப் பார்த்தால் நல்ல த்ரில்லர். நண்பர்களோடு பார்த்தால் நாஸ்டால்ஜியா. அக்காவோடு பார்த்தால் அது ஒரு மாதிரி சாட்சி விசாரணை ஆகிவிடுகிறது. ஏனென்றால் நீங்கள் வளர்ந்த வீட்டை உங்களைத் தவிர உள்ளே இருந்து பார்த்த பிள்ளை அவர் ஒருவர்தான்.

ஆனால் இருவரும் பார்த்தது ஒரே வீடு இல்லை. மூத்தவர் எட்டு வயதில் புரிந்துகொண்டதை இளையவர் நாலு வயதில் சத்தமாக மட்டும் கேட்டிருப்பார். ஒருவர் அடி வாங்கியிருப்பார், இன்னொருவர் கதவுக்குப் பின்னால் நின்றிருப்பார். "பாட்டி ரொம்பப் பாசமானவங்கதானே?" என்று தம்பி கேட்டால், போனில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. தொடரைப் பற்றிப் பேசுகிற சாக்கில்தான் சில வீடுகளில் அந்தப் பேச்சு முதல் தடவையாக வெளியே வருகிறது. "நம்ம வீட்ல நடந்தது" என்று தொடங்க முடியாத பேச்சை "அந்தப் பையனை அந்தக் கிழவி..." என்று தொடங்க முடியும்.

இது ஏதோ சில வீட்டு விஷயமும் இல்லை. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவை 2007-ல் வெளியிட்டது. மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டவர்கள். குடும்பத்துக்குள் அடி வாங்கியவர்களில் பெரும்பாலானோரை அடித்தது பெற்றோரே. 'விடாது கருப்பு' இதற்குப் பத்து வருஷம் முன்பே, பாடம் நடத்தாமல், பேய்க்கதை என்ற பெயரில் இதைப் பிரைம் டைமில் சொல்லிவிட்டுப் போனது. அன்று அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த எத்தனை பெரியவர்களுக்கு உறைத்திருக்கும் என்பது வேறு கேள்வி.

மருத்துவப்படி இது சரியா?

முழுக்க இல்லை. ஒரே ஆளுக்குள் வேறு வேறு ஆளுமைகள் என்ற நிலையை முன்பு 'மல்டிபிள் பெர்சனாலிட்டி டிஸார்டர்' என்றார்கள். 1994-ல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அதன் பெயரை 'டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்' என்று மாற்றியது. குழந்தைப் பருவக் கொடுமைக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது பரவலான மருத்துவக் கருத்து. அதை எவ்வளவு தூரம் ஏற்பது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே விவாதமும் உண்டு.

ஆனால் நிஜத்தில் இந்த நிலையில் இருப்பவர்கள் குதிரை ஏறி யாரையும் தண்டிக்கக் கிளம்புவதில்லை. அவர்கள் ஆபத்தை உண்டாக்குவது பெரும்பாலும் தங்களுக்கேதான். மறதி, காலம் தவறிப்போவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, இவைதான் அதிகம். 1993-ல் வந்த மலையாள 'மணிச்சித்ரத்தாழ்', அதிலிருந்து பிறந்த 'சந்திரமுகி', அதே 2005-ல் வந்த 'அந்நியன்' என்று நம்ம சினிமா 'உள்ளே இன்னொரு ஆள்' என்ற விஷயத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தது. ஒவ்வொரு தடவையும் நோயாளி கொலைகாரராகவோ, அதன் விளிம்பிலோதான் நின்றார். 'விடாது கருப்பு'க்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் இவற்றில் எதுவும் அந்த 'இன்னொரு ஆள்' பிறந்த வீட்டை இவ்வளவு நேரம் நின்று காட்டவில்லை. வாராவாரம் காட்ட ஒரு தொடரால்தான் முடியும்.

அப்போ சாமி பொய்யா?

இங்கேதான் அக்காவும் தம்பியும் சண்டை போடுவார்கள். போடட்டும்.

ஒரு தரப்பு சொல்லும்: தொடர் பகுத்தறிவு பேசுகிறது, சாமி என்று நினைத்தது மனநோய், முடிந்தது. இன்னொரு தரப்பு கேட்கும்: அப்படியென்றால் ஊர் ஏன் அதை இத்தனை நாள் நம்பியது? ஊர்க்காரர்கள் எல்லோரும் முட்டாள்களா?

எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. கருப்பு ஊரெல்லையில் நிற்கும் காவல் தெய்வம். கையில் அரிவாள், பக்கத்தில் குதிரை. மதுரைக்குப் பக்கத்தில் அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பொய்ச் சத்தியம் செய்தால் கருப்பு பார்த்துக்கொள்ளும் என்ற பயம்தான் அங்கே நீதிபதி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் தன் பேச்சு எடுபடாது என்று தெரிந்த ஆட்களுக்கு, கூப்பிட்டால் வருகிற ஒரே அதிகாரி அந்தச் சாமிதான். அந்தச் சிறுவனும் அதைத்தான் செய்தான். கூப்பிட ஆளில்லாத பிள்ளை, ஊரில் எல்லோரும் பயப்படும் ஒரே ஆளைக் கூப்பிட்டான். சாமி பொய்யா நிஜமா என்பதைவிட, அவன் கூப்பிட வேறு யாரும் ஏன் இல்லை என்பதுதான் தொடர் வைக்கும் குற்றச்சாட்டு.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். அறிவியல் விளக்கம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவது அவர் பாணி. பகுத்தறிவாளருக்கும் எரிச்சல் வரும், பக்தருக்கும் எரிச்சல் வரும். ஆனால் அந்தத் திறந்த கதவுதான் இத்தனை வருஷம் கழித்தும் இருவரைப் பேச வைக்கிறது.

'ரகசியம்' பார்த்தீங்களா? அப்போ ஏர்பேட்டுக்கு ஒரு டிக்கெட்

'விடாது கருப்பு' முடிந்ததும் 'ரகசியம்' பக்கம் போவீர்கள். அதில் மையம் ஒரு சிவன் கோயில், பொழுது சாய்ந்தால் யாரும் உள்ளே போகக்கூடாது, மீறினால் நாய் கடிக்கும். உள்ளே இருப்பது நவபாஷாண லிங்கம். பக்தனுக்கு அது சாமி, வைத்தியனுக்கு மருந்து, திருடனுக்குப் பணம். கல் ஒன்றுதான், பார்க்கிற கண்ணுக்கு ஏற்ப மாறுகிறது.

இது கதையில் மட்டும்தான் நடக்குமா என்றால், இல்லை. ஏர்பேட்டில் இருக்கும் தம்பிக்கு அதன் நிஜ வடிவம் அதே மண்டலத்துக்குள்ளேயே இருக்கிறது: குடிமல்லம்.

சுவர்ணமுகி ஆற்றுப் பகுதியில் உள்ள அந்தச் சின்ன ஊரின் பரசுராமேஸ்வரர் கோயிலில் சுமார் 5 அடி உயர லிங்கம் ஒன்று இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் ஒரு வேடன் நிற்கிறான். ஒரு கையில் தலைகீழாகத் தொங்கும் ஆடு போன்ற விலங்கு, இன்னொரு கையில் சிறு கலயம், தோளில் கோடரி, காலுக்குக் கீழே குனிந்து தாங்கும் ஒரு குள்ள யட்சன். பூணூல் கிடையாது. 1911-ல் டி.ஏ. கோபிநாத ராவ் ஆய்வுலகத்தின் கவனத்துக்கு இதைக் கொண்டுவந்தார். 1973-ல் ஐ.கே. சர்மா தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. காலம் பற்றி அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கி.மு. 2 அல்லது 1-ம் நூற்றாண்டு என்று சொல்பவர்கள் பலர். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சிவலிங்கங்களில் இதுவும் ஒன்று என்பதில் பெரிய சண்டை இல்லை.

ஊர் சொல்லும் கதை முற்றிலும் வேறு. பரசுராமர் பூஜைக்குக் குளத்தில் தினம் ஒரு பூ பூக்குமாம். அதற்குக் காவலாகச் சித்ரசேனன் என்ற யட்சனை வைத்தார். கூலியாக தினமும் ஒரு விலங்கும் ஒரு பானைக் கள்ளும். ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் காவல்காரனே அந்தப் பூவைப் போட்டுப் பூஜை செய்துவிட்டான். சண்டை முற்றியது. கடைசியில் சிவன் இருவரையும் தன்னுள் ஏற்றுக்கொண்டார். அதனால் அந்தக் கல்லில் நிற்பவர் பரசுராமர், கீழே இருப்பவன் சித்ரசேனன் என்கிறார்கள். கையிலிருக்கும் விலங்கும் கலயமும் கள்ளுக் கூலியாகிவிட்டன!

தொல்லியல் அறிஞர் வேடன் வடிவ சிவனைப் பார்க்கிறார். ஊர்க்காரர் முதலாளியும் காவல்காரனும் போட்ட சண்டையைப் பார்க்கிறார். இரண்டாவதை 'வெறும் கதை' என்று தள்ளிவிடாதீர்கள். எல்லோருக்கும் மேலே நிற்பவனை மட்டும் பார்க்கத் தெரியும்போது, கீழே மிதிபட்டு நிற்பவனுக்கும் ஒரு பெயர் வைத்து, அவனும் பூஜை செய்தான் என்று சொல்லியிருக்கிறது அந்தக் கதை. கருவறைக்குள் 60 வருஷத்துக்கு ஒருமுறை நிலத்தடி நீர் பெருகி வரும் என்ற நம்பிக்கையும் அங்கே உண்டு. நாகா கையில் கிடைத்திருந்தால் இன்னொரு சீசன் நிச்சயம்.

அடுத்த லாங் வீக்எண்டில் அக்கா சென்னையிலிருந்து வந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். கருவறை, மண்டபத்தைவிடத் தாழ்வாக இருக்கிறது, குனிந்துதான் பார்க்க வேண்டும். அங்கே இருப்பவர்கள் கதை சொல்லத் தொடங்குவதற்கு முன்னால் அக்காவிடம் ஒன்று மட்டும் கேட்டுவிடுங்கள்: "முதல்ல யாரைப் பார்த்த? மேல நிக்கிறவரையா, கீழ இருக்கிறவனையா?"