வலையமைப்பின் வாயிற்காவலன்

இணையம் என்னும் பெருநகருக்குள் நாம் நாள்தோறும் புகுந்து மீள்கிறோம். ஆயினும், அதன் வாயிலில் நின்று இன்னார் இவர் என அறிந்து நம்மை உள்ளே விடும் கருவியைப் பலர் அறியார். வலையமைப்பு அணுகற் சேவையகம் என்பது அதன் பெயர்.

தொலைபேசிக் கம்பி வழியே பலர் இணையத்தை நாடிய 1990களில், மோடங்கள் பல பொருத்தப்பெற்ற ஒரு பெட்டியாக அது சேவை நிலையங்களில் விளங்கிற்று. வீட்டுக் கணனி தொலைபேசியில் அழைக்கும். ஓய்ந்திருக்கும் மோடம் ஒன்று விடையளித்துப் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். அவை சரியாயின், கணனிக்கு ஓர் இணைய முகவரி வழங்கப்பெறும்.

ஊர்தோறும் இத்தகைய பெட்டிகள் பெருகியபோது ஓர் இடர்ப்பாடு எழுந்தது. ஒருவர் தமது கடவுச்சொல்லை மாற்றினால், அத்தனை பெட்டிகளிலும் அதனைத் திருத்த வேண்டுமன்றோ? 1991இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மெரிற் வலையமைப்பு இதற்கு வழி தேடிற்று. லிவிங்ஸ்டன் என்னும் நிறுவனம் றேடியஸ் என்ற நெறிமுறையை வகுத்தளித்தது. இதன்படி காவலன் தானே தீர்ப்பளிப்பதில்லை. பெயரேட்டை வைத்திருக்கும் கணக்கப்பிள்ளை போன்ற வேறொரு கணனியிடம் கேட்டு, அதன் சொற்படி நடப்பான். வந்தவர் யார், அவருக்குரிய உரிமை யாது, எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்னும் மூன்றும் அவ்வேட்டில் அடங்கும்.

தொலைபேசி மோடங்கள் இன்று அருகிவிட்டன. ஆயினும் காவற்பணி ஓயவில்லை. அலுவலகங்களின் கம்பியில்லா இணைப்புக் கருவிகளும், வெளியூரிலிருந்து அலுவலக வலையமைப்பை அடைய உதவும் வாயில்களும் அதே பணியைச் செய்கின்றன. எடுறோம் என்னும் உலகளாவிய ஏற்பாட்டில், வேற்றூர்ப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவரைப் பற்றிய வினா அவரது சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பப்பெறுகின்றது.

காவலனுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் இடையிலுள்ள பாதை பழுதுபட்டால் என்னாகும்? 2024 யூலையில் ஆராய்ச்சியாளர் ஓர் அபாயத்தை வெளியிட்டனர். அப்பாதையில் நடுவே புகுந்த ஒருவன், கடவுச்சொல்லை அறியாமலே, 'மறுக்கப்பட்டது' என்னும் விடையை 'ஏற்கப்பட்டது' என மாற்றிவிட இயலும். விடையின் மெய்ம்மையைக் காக்க எம்.டி.5 என்னும் பழைய கணிப்பு முறையை நம்பியிருந்ததே இதற்குக் காரணம். ஒவ்வொரு செய்தியிலும் வலுவான மெய்ப்பு முத்திரையைக் கட்டாயமாக்குவது உடனடிப் பரிகாரம். செய்தி முழுவதையும் மறைகுறியாக்கி அனுப்புவது நிலையான பரிகாரம்.

ஆகவே, அலுவலகம், கல்லூரி ஆகியவற்றின் வலையமைப்பைப் பராமரிக்கும் பொறுப்புடையோர் இத்திருத்தம் தம்மிடம் செய்யப்பட்டுள்ளதா எனச் சோதித்தறிதல் கடமையாகும். கடவுச்சொல்லை நாம் எவ்வளவு கவனமாகக் காத்தாலும், இந்தக் குறையை அதனால் நீக்க இயலாது.