விலகு கதிர் – அறிவியல் பாடத்துக்குள் ஒரு தமிழ் இலக்கணம்



‘ஒளி’ பாடம் முடிந்த அன்று சயின்ஸ் சார் எங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். “விலகு கதிர் என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதிட்டு வாங்க” என்றார். ஒரே ஒரு வாக்கியம்தானே என்று நான் பஸ்ஸுக்கு நிற்கும்போதே எழுதிவிட்டேன்:

‘விலகுக்கதிர் தண்ணீருக்குள் வளைந்து வளைந்து செல்லும்.’

மறுநாள் நோட்டு திரும்பி வந்தது. இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு. “இரண்டாவது கோடு என் பாடம், நான் சொல்றேன். முதல் கோட்டைத் தமிழம்மாகிட்ட கேளு” என்றார் சார். அந்த இரண்டு கோட்டிலும் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், ஒளி ஏன் விலகுகிறது?

ஒளி காற்றில் ஒரு விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். தண்ணீரில் சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம்தான். கண்ணாடியில் சுமார் 2 லட்சம். இந்த வேகம் மாறுவதுதான் விலகலுக்குக் காரணம்.

டிரில் பீரியடில் நாம் கைகோத்து ஒரே வரிசையாக நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தரையிலிருந்து சேற்றுக்குள் அந்த வரிசை சாய்வாக நுழைகிறது. முதலில் சேற்றில் கால் வைத்தவர் மெதுவாகிவிடுவார். இன்னும் சிமெண்டில் இருப்பவர் அதே வேகத்தில் வருவார். வரிசையே ஒரு பக்கமாகத் திரும்பிவிடும் இல்லையா? ஒளியும் அப்படித்தான். சாய்வாக வராமல் நேர் செங்குத்தாக நுழைந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் மெதுவாவார்கள், திசை மாறாது.

காற்றில் உள்ள வேகத்தைத் தண்ணீரில் உள்ள வேகத்தால் வகுத்தால் 1.33 வரும். இதுதான் தண்ணீரின் ஒளிவிலகல் எண். கண்ணாடிக்குச் சுமார் 1.5, வைரத்துக்கு 2.42. இந்த விலகலின் விதியை நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்நெல் 1621-இல் கண்டார். அதனால் அது ஸ்நெல் விதி எனப்படுகிறது.

முதல் சிவப்புக் கோடு

தமிழம்மா நோட்டைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். “ஊறுகாய், சுடுசோறு, விலகு கதிர்... மூணும் ஒரே ஜாதி. சொல்லு, என்ன?” என்றார். வினைத்தொகை!

விலகிய கதிர், விலகுகின்ற கதிர், விலகும் கதிர் ஆகிய மூன்றும் ‘விலகு கதிர்’ என்ற ஒரே சொல்லில் ஒளிந்திருக்கின்றன. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே ‘விலகுக்கதிர்’ தவறு. படுகதிர், படுகோணம், விலகு கோணம் எல்லாம் இதே மாதிரிதான். நாம் அறிவியல் என்று மனப்பாடம் செய்தவை எல்லாம் தமிழ் இலக்கணமும்கூட.

எனக்கு ஒன்று தோன்றியது. நேற்று தண்ணீரில் விழுந்த கதிரும் விலகியது, இன்று விழுவதும் விலகுகிறது, நாளை விழுவதும் விலகும். இயற்கை விதிக்கு முக்காலமும் ஒன்றுதான். அதைச் சொல்ல முக்காலமும் அடங்கிய வினைத்தொகையைவிடப் பொருத்தமான சொல் வேறு ஏது?

இரண்டாவது சிவப்புக் கோடு

‘வளைந்து வளைந்து’ என்று நான் எழுதியது ஏன் தவறு? ஒளி தண்ணீரின் மேற்பரப்பில் ஒரே ஒரு முறை திசை மாறும். அதன்பிறகு உள்ளே நேர்கோட்டில்தான் போகும். நம்ம மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவு மாதிரி திரும்பித் திரும்பிப் போகாது.

இலங்கைத் தமிழர்கள் இதை ‘ஒளிமுறிவு’ என்றும், ஒளிவிலகல் எண்ணை ‘முறிவுச் சுட்டி’ என்றும் சொல்கிறார்கள். குச்சி முறிந்த மாதிரி தெரிவதால் அதுவும் அழகான சொல்தான். ஆங்கிலத்தில் ‘ரிஃப்ராக்டிவ்’ என்கிறோமே, அதன் லத்தீன் வேரும் ‘முறித்தல்’ என்ற பொருள் உடையதே.

ஆனால் ‘வளைந்த’ என்ற சொல்லுக்கும் ஓர் இடம் உண்டு. காற்று அடுக்கடுக்காக அடர்த்தி மாறும்போது ஒளி கொஞ்சம் கொஞ்சமாக விலகி, உண்மையிலேயே வளைகிறது. வெயிலில் சேலம் ரோட்டில் தெரியும் கானல் நீர் அப்படி உண்டாவதுதான்.

வாக்கியத்தில் அமைப்போமா?

நம்ம ஏற்காட்டை வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. விலகிய (பெயரெச்சம்): ஏரியில் படகு ஓட்டும்போது, தண்ணீரிலிருந்து விலகிய ஒளியால் துடுப்பு ஒடிந்ததுபோல் தெரிகிறது.

2. விலகும்: காப்பி இலை மேல் நிற்கும் மழைத்துளியில் விலகும் ஒளி, இலை நரம்பைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

3. விலகாத (எதிர்மறைப் பெயரெச்சம்): செங்குத்தாக விழுந்து விலகாத கதிரும் தண்ணீருக்குள் வேகம் குறையும்.

4. வளைந்த: லேடீஸ் சீட்டில் நின்று சூரியன் மறைவதைப் பார்க்கிறோம், நாம் கடைசியாகப் பார்ப்பது, காற்றில் வளைந்த ஒளியால் சுமார் 2 நிமிடம் தாமதமாக மறையும் சூரியனை.

5. விலகல்: இரவில் சேலம் விளக்குகள் மினுக்குவது, அசையும் காற்றில் நடக்கும் ஒளிவிலகல் விளைவு.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் ‘விலகிய’ போட்டுவிடாதீர்கள். ஏரியில் தெரியும் மரத்தின் பிம்பம் எதிரொளித்த ஒளி. பனிமூட்டத்தில் பஸ் லைட் வெள்ளையாகப் பரவுவது சிதறிய ஒளி. நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-இல் கண்டுபிடித்ததும், 1930-இல் நோபல் பரிசு வாங்கியதும் ஒளிச்சிதறலுக்குத்தான், விலகலுக்கு அல்ல. எழுத்திலும் கவனம் வேண்டும். ‘விலகு’ தன்வினை, ‘விலக்கு’ பிறவினை, ‘விளக்கு’ என்று எழுதினால் அகல்விளக்கு ஆகிவிடும்!

ஒரு சொல் ஏன் இவ்வளவு முக்கியம்?

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. போன கோடை லீவில் ஒரு தோட்டத்துத் தண்ணித் தொட்டிக்கு நானும் தம்பியும் போனோம். தண்ணி கண்ணாடி மாதிரி. அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. “அக்கா, எறங்கவா?” என்று கேட்டான். எட்டிப் பார்த்தேன். நெஞ்சு அளவுதான் இருக்கும்போல இருந்தது. “எறங்குடா, கொஞ்சம்தான் தண்ணி” என்று சொன்னது நான்தான்.

இறங்கினான். தண்ணி மூக்குக்கு வந்துவிட்டது. கத்தவும் முடியவில்லை அவனால். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தை ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். அன்றைக்கு அத்தை இல்லாவிட்டால் என்று நினைத்தால் இப்பவும் கை நடுங்குது.

ஒளி பாடம் நடக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி விலகுவதால் அடித்தளம் மேலே எழும்பியதுபோல் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் 4 அடித் தண்ணீர் 3 அடியாகத் தெரியும் (4 ÷ 1.33 = 3). சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். என் தம்பியின் உயரமே 4 அடிதான். நான் பார்த்தது தோற்ற ஆழம். அவன் இறங்கியது உண்மை ஆழம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பாட்டி சொல்வார். ஆழம் கண்ணுக்குத் ‘தெரிந்தாலும்’ காலை விடாதே என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். கிள்ளியூர் அருவிப் பக்கமோ, தோட்டத்துக் குட்டைக்கோ போகும் நண்பர்களே, கண்ணை நம்பாதீங்க. நீளமான குச்சியை விட்டு அளந்து பாருங்க. நீச்சல் தெரிந்த பெரியவர் இல்லாமல் இறங்கவே இறங்காதீங்க.

நீங்களே செய்து பாருங்க

ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் 5 ரூபாய்க் காசைப் போடுங்கள். காசு விளிம்பில் மறையும்வரை பின்னால் நகர்ந்து நில்லுங்கள். தலையை ஆட்டாமல் இருக்க, நண்பரை மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். காசு எழும்பி வரும்! காசு நகரவில்லை, கதிர்தான் விலகியது.

இப்போது என் நோட்டில் இருக்கும் திருத்திய வாக்கியம் இது:

‘தெளிந்த நீரிலிருந்து வரும் விலகு கதிர், நீரின் ஆழத்தைக் குறைத்துக் காட்டும்.’

சார் ‘நன்று’ போட்டிருக்கிறார். தம்பிக்கும் அதைப் படித்துக் காட்டினேன். “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல” என்றான்.

நண்பர்களுக்கு ஒரு கேள்வி: தண்ணீரில் நிற்கும் மீனைக் குச்சியால் தொட வேண்டும். அது தெரியும் இடத்துக்கு மேலே குறி வைக்க வேண்டுமா, கீழேயா? ‘விலகு கதிர்’ என்ற சொல் வரும்படி ஒரே வாக்கியத்தில் எழுதி, 9-ஆம் வகுப்பில் கொடுங்கள். சரியான விடை அடுத்த இதழில்.

– 9-ஆம் வகுப்பு மாணவி