வளைந்த விமானப் பகுதிகளில் மறைந்த சேதத்தைக் கண்டறிதல்

மட்பாண்டம் வாங்குவோர் அதனை விரலால் தட்டிப் பார்ப்பது வழக்கம். கண்ணுக்குப் புலனாகாத கீறலும் ஒலியில் வெளிப்பட்டுவிடும். விமானப் பகுதிகளை ஆராய்வதற்கும் ஒலியே கருவியாகிறது. ஆனால், அது மனிதர் செவிக்கு எட்டாத ஒலியாகும்.

பெங்களூரில் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர்விமானத்தின் கட்டமைப்பு எடையில் சுமார் 45 விழுக்காடு கூட்டுப்பொருளால் ஆனது. கரி இழைத் தாள்களைப் பிசினுடன் பல அடுக்குகளாக வைத்து, வெப்பமும் அழுத்தமும் தந்து இறுகச் செய்தால் இப்பொருள் கிடைக்கிறது. இதன் எடை குறைவு, வலிமை மிகுதி. எனினும் ஒரு குறை உண்டு. பழுதுபார்க்கையில் கைக்கருவி தவறி விழுந்தால் உலோகத் தகடு நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். கூட்டுப்பொருளிலோ மேலே வடுவின்றி உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடக்கூடும். பின்னர் அமுக்கு விசை ஏற்படும்போது, அவ்விடம் எதிர்பாராது முறியலாம்.

வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டது கேளா ஒலி எனப்படும். இச்சோதனையில் பெரும்பாலும் 10 இலட்சம் முதல் 1 கோடி அதிர்வுகள் வரை பயன்படுகின்றன. கரி இழைப் பொருளின் தடிப்பினூடே ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 3,000 மீட்டர் செல்லும். எனவே 3 மில்லிமீட்டர் தடித்த பகுதியின் அடிப்பரப்பிலிருந்து எதிரொலி திரும்புவதற்கு, வினாடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் 2 கூறு நேரம் ஆகும். பிரிந்த அடுக்குகளிடையே உள்ள காற்று ஒலியைத் திருப்பிவிடுவதால், அங்கு எதிரொலி முன்னரே வந்து சேரும். அது வந்த நேரத்தைக் கொண்டு பிரிவின் ஆழத்தையும் கணக்கிடலாம்.

வளைந்த பகுதிகளில் இம்முறை எளிதன்று. ஒலி செங்குத்தாக விழாவிடில் எதிரொலி வேறு திசையில் விலகிச் செல்லும். நல்ல பகுதி பழுதுற்றதாகத் தோன்றலாம். உண்மையான பழுது மறைந்தும் போகலாம். ஆதலால், வளைவுக்கேற்ப ஒலிமுனையைத் திருப்பிக்கொண்டே, நீர்த்தாரை வழியாக ஒலியைச் செலுத்துவர். அதே வளைவுள்ள மாதிரித் துண்டில், அடுக்குகளிடையே மெல்லிய படலத்தை வேண்டுமென்றே வைத்து, அதன் எதிரொலியோடு ஒப்பிட்டும் பார்ப்பர்.

பரந்த பகுதிகளுக்கு மற்றொரு முறை உண்டு. தகட்டின் வழியே நெடுந்தூரம் பரவும் அலைகளை ஆங்கிலேய அறிஞர் ஹொரேஸ் லாம்ப் 1917-இல் கணித முறையில் விளக்கினார். தகட்டில் பொருத்திய உணர்விகளால் இவ்வலைகளின் மாறுதலை அறியலாம். இழைகள் அமைந்த திசைக்கேற்ப அலைவேகம் மாறுவதால், பழுதற்ற நிலையின் பதிவை முன்கூட்டியே எடுத்து வைத்தல் நன்று.

கருவி எத்துணை நுட்பமாயினும், எங்கே தேட வேண்டும் என்பதை மனிதரே கூற வேண்டும். விமானத்தின்மீது ஏதேனும் மோதினால், வடு தெரியாவிடினும் உடனே அறிவித்தலே பாதுகாப்பின் முதற்படியாகும்.