தாமசு ராண்டோ

தாமசு ராண்டோ அமெரிக்க நரம்பியல் மருத்துவரும் குருத்தணு ஆய்வாளரும் ஆவார். முதுமையில் தசைகள் தம்மைச் சீர்செய்துகொள்ளும் திறன் குறைவது ஏன் என்பது பற்றிய ஆய்வுகளுக்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

ராண்டோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றார். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பயிற்சி பெற்று, பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தசைநோய் மருத்துவம், ஆய்வு ஆகிய இரண்டிலும் ஈடுபட்டார். 2021 ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலசில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிராட் குருத்தணு ஆய்வு மையத்திற்கு இயக்குநரானார்.

ஆய்வுகள்

தசை நார்களின் ஓரத்தில் குருத்தணுக்கள் உறங்குநிலையில் இருக்கின்றன. தசை காயமுறும்போது இவை விழித்துப் பெருகிப் புதிய நார்களை உருவாக்குகின்றன. முதிய உடலில் இச்செயல் மந்தமடைகிறது. குருத்தணுக்களே பழுதடைந்துவிட்டனவா, அல்லது அவற்றைத் தூண்டும் சூழல் மாறிவிட்டதா என்பதே ராண்டோவின் ஆய்வுக்கு அடிப்படையான கேள்வி ஆகும்.

முதிய தசையில் காயத்திற்குப் பின் 'நாட்ச்' எனப்படும் உயிரணுச் சமிக்ஞை போதிய அளவு எழுவதில்லை என்றும், அதைச் செயற்கையாகத் தூண்டினால் தசை மீண்டும் நன்கு வளர்கிறது என்றும் இவரது குழு 2003 இல் வெளியிட்டது.

2005 இல் வெளியான ஆய்வு பரவலாக அறியப்பட்டது. இதில் ஒரு முதிய சுண்டெலியும் ஓர் இளைய சுண்டெலியும் பொதுவான இரத்தவோட்டம் அமையுமாறு அறுவை மூலம் இணைக்கப்பட்டன. 19 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடலியலாளர் பால் பேர் கையாண்ட முறை இது. இணைக்கப்பட்ட முதிய சுண்டெலியின் தசைக்காயம் விரைந்து ஆறியது. அதன் ஈரல் உயிரணுக்களும் கூடுதலாகப் பெருகின. தசையைச் சீர்செய்தவை இளைய சுண்டெலியிலிருந்து வந்த உயிரணுக்கள் அல்ல, முதிய சுண்டெலியின் சொந்த உயிரணுக்களே என்பதும் உறுதிசெய்யப்பட்டது.

இதன் மறுபக்கத்தை 2007 ஆம் ஆண்டு ஆய்வு விளக்கியது. முதிய இரத்தச் சூழலில் 'விண்ட்' என்னும் சமிக்ஞை மிகுவதால், தசைக் குருத்தணுக்களில் ஒரு பகுதி தசையாக மாறாமல் நாரிழையம் உண்டாக்கும் உயிரணுக்களாக மாறுகின்றது.

முக்கியத்துவம்

முதுமையின் விளைவுகளில் சில மீளக்கூடியவை என்ற கருத்திற்கு இவ்வாய்வுகள் வலுச்சேர்த்தன. ஆனால் இவை சுண்டெலிகளில் பெறப்பட்ட முடிவுகள். இளைய இரத்தம் மனிதருக்கு இளமை தரும் என்பதற்குச் சான்று ஆகா. இளையோரின் இரத்தநீர்மத்தை முதுமைக்கு மருந்தாக விற்பதற்கு எதிராக அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2019 பிப்ரவரியில் எச்சரிக்கை விடுத்தது.