டி.ஏ.பி. கரைசலின் அடியில் தங்குவது உரமா?

ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை வட்டாரங்களில் ஐப்பசி மழையை நம்பி மானாவாரியாக உளுந்து விதைக்கும் விவசாயிகளுக்கு, பூக்கும் பருவத்தில் டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது நல்ல பலன் தரும். பூ உதிர்வது குறையும். காய் திரட்சியாகப் பிடிக்கும். ஆனால் தெளிக்கும்போது நாசில் அடைத்துக்கொண்டால் கூலியும் பொழுதும் வீண்.

ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை 10 லிட்டர் தண்ணீரில் முதல் நாள் மாலையே ஊறவைத்தல் வேண்டும். மறுநாள் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, துணியில் வடிகட்டி, மேலும் 190 லிட்டர் நீர் சேர்த்தால் 2 சதக் கரைசல் கிடைக்கும்.

வாளியின் அடியில் சேறுபோல் ஒன்று தங்கும். காசு கொடுத்து வாங்கிய உரமாயிற்றே என்று அதையும் கலக்கி ஊற்றுவோர் உண்டு. இங்கேதான் தவறு நேர்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் 10 லிட்டர் நீர் ஏறக்குறைய 7 கிலோ டி.ஏ.பி.யைக் கரைக்க வல்லது. போட்டதோ 4 கிலோதான். ஆகவே அடியில் நிற்பது தண்ணீர் போதாமல் மிஞ்சிய உரமன்று. குருணையோடு வந்த, நீரில் கரையாத இரும்பு, அலுமினியச் சேர்மங்களே பெரும்பாலும். அதில் சிறிது மணிச்சத்து இருந்தாலும் இலை வழியே பயிருக்குச் சேராது. எருக்குழியில் கொட்டிவிடலாம்.

பின் இரவெல்லாம் ஊறுவானேன்? எவ்வளவு கரையும் என்பது வேறு, எவ்வளவு விரைவில் கரையும் என்பது வேறு. குருணை மேற்புறத்திலிருந்துதான் கரையத் தொடங்கும். பொடித்துப் போட்டு இடையிடையே கிளறினால் சீக்கிரம் கரையும்.

சூடு கூடினால் பெரும்பாலான உப்புகள் அதிகம் கரையும். பட்டாசுத் தொழிலில் புழங்கும் வெடியுப்பு, 100 மில்லி நீரில் 20 டிகிரியில் சுமார் 32 கிராம் கரையும். 60 டிகிரியில் 110 கிராம்! (உரக்கடையில் 13-0-45 என்று விற்பதும் இந்தப் பொட்டாசியம் நைட்ரேட்தான்.) சமையல் உப்போ சூட்டுக்கு அவ்வளவு மசியாது. டி.ஏ.பி.க்கு வெந்நீர் தேவையில்லை.

இரண்டு பொருள்கள் தனித்தனியே நன்கு கரைந்தாலும், சேர்ந்தால் கரையாத பொருளாக மாறக்கூடும். டி.ஏ.பி. கரைசலில் சிங்க் சல்பேட்டைக் கலந்தால் வெண்மையாகத் திரிந்து படியும். இரண்டு சத்தும் போச்சு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரிலும் இப்படித் திரியும். அத்தகைய இடங்களில் கண்மாய் நீரோ மழை நீரோ உத்தமம். சிங்க் சல்பேட்டைத் தனியாக, வேறொரு நாளில் தெளிக்கவும்.

முதல் தெளிப்பைப் பூக்கத் தொடங்கும்போதும், அடுத்ததை 15 நாள் கழித்தும், வெயில் தாழ்ந்த மாலை வேளையில் செய்யவும்.